பிரித்தெழுதலும் பெருக்கலும்

தமிழாசிரியன் ஒருவன் கணக்கைப் பற்றி எழுதப் புகுந்தால், இவருக்கு இஃது ஏன் என வினவுவோர் இருப்பர். வினா நியாயமானதே. ஆயினும் ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியராய் நிற்பவர், காலையில் செய்யுள் படிப்பித்த அதே வாயால் இடைவேளைக்கு முன் பெருக்கலும் படிப்பிக்கவேண்டியவர் என்பதைப் பழைய மாணவராகிய அன்பர்கள் மறந்திரார். ஆசிரிய கலாசாலை எமக்கு வழங்கிய தராதரப்பத்திரம், பிள்ளையின் தலையைத் தமிழுக்குப் பாதி, கணக்குக்குப் பாதி எனக் கூறுபோட்டுக் கொடுக்கவில்லை. மேலும், இந்நகரத்து இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் நடத்திய சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராயும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாயும் விளங்கியவர். 1947-இல் அரங்கேறிய அவரது யாழ் நூலைத் திறப்பவர், பண்ணாராய்ச்சியின் நடுவே பெருக்கலும் வகுத்தலும் புகுந்து நிற்கக் காண்பர். அவர் அடிச்சுவட்டில் நடப்பதாய்ச் சொல்லிக்கொள்ளும் துணிவு எமக்கில்லை. தமிழுக்கும் கணக்குக்கும் இடையே மதில் இல்லை என்பதற்கு மட்டும் அவரைச் சான்று காட்டுகின்றோம்.

நாம் சொல்ல வந்தது ஒன்றே. ஈரிலக்கமும் மூவிலக்கமும் கொண்ட எண்களைப் பெருக்கும் வழி, எங்கள் சிறுவர்க்குப் பெரும்பாலும் எழுத்திலே தொடங்கிப் படிப்பிக்கப்படுகின்றது. அது சொல்லிலே தொடங்கவேண்டும்; எழுத்து அதன் பின்னே வரவேண்டும்.

லிங்கநகரில் மாலை வேளைகளில் அயல் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கொப்பியுங் கையுமாய் எம்மிடம் வருவதுண்டு. அவருள் ஐந்தாந் தரத்துச் சிறுவன் ஒருவன் 47-ஐ 36-ஆற் பெருக்கினான். நாற்பத்தேழை ஆறாற் பெருக்கி 282 என எழுதினான். அதன் கீழ், நாற்பத்தேழை மூன்றாற் பெருக்கி 141 என நேர்க்கு நேராய் எழுதினான். இரண்டையுங் கூட்டி 423 என விடை கண்டு, கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிட்டான். வாய்பாட்டிற் பிழையில்லை, மனத்தில் வைத்த இலக்கங்களிற் பிழையில்லை, கூட்டலிலும் பிழையில்லை. "சரிதானே, சேர்?" என்று முகம் மலர்ந்து கேட்டான். நாற்பதை முப்பதாற் பெருக்கினாலே ஆயிரத்து இருநூறு வருமே, நானூற்றுச் சொச்சம் எப்படி வரும் என்ற ஐயம் அவன் மனத்தின் ஓரத்திலும் எழவில்லை. எம்மைக் கவலைப்படுத்தியது அந்தப் பிழையன்று, அந்த ஐயமின்மையே.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த விதி, "இரண்டாம் வரியை ஓரிடந் தள்ளி எழுது" என்பது. சிலர் அவ்விடத்தில் ஒரு புள்ளடி இடச் சொல்வர். சிலர் பூச்சியம் இடச் சொல்வர். ஏன் தள்ளவேண்டும் என்பது சொல்லப்படுவதில்லை; சொல்லப்பட்டாலும் ஒரு நாள் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றது. காரணந் தெரியாத விதி நினைவில் நிற்கும் வரையுமே நிற்கும். பரீட்சை மண்டபத்தில் அது நழுவினால், பிடித்துக்கொள்ளப் பிள்ளைக்கு வேறு கொம்பில்லை. 36 என்பதில் உள்ள 3, மூன்றன்று, முப்பது என்பதை அவன் உணர்ந்திருந்தால் தள்ளவும் வேண்டா, புள்ளடியும் வேண்டா. நாற்பத்தேழு முப்பது ஆயிரத்து நானூற்றுப் பத்து என்று எழுதியிருப்பான். 282-ஐயும் 1410-ஐயுங் கூட்டி 1692 என முடித்திருப்பான்.

இங்கேதான் தமிழாசிரியனுக்கு வேலை இருக்கின்றது. "பிரித்தெழுதுக" என்னும் பயிற்சியை நாம் தமிழ்ப் பாடத்தில் ஓயாது கொடுக்கின்றோம். நாற்பத்தேழு என்பதைப் பிரித்தெழுதச் சொன்னால், நாற்பது + ஏழு என்று அச்சிறுவன் தடையின்றி எழுதுவான். முப்பத்தாறு என்றால் முப்பது + ஆறு. ஈரிலக்கப் பெருக்கலின் உயிர்நிலை முழுவதும் அந்தப் பிரிப்பிலே அடங்கியிருக்கின்றது. தமிழ்க் கொப்பியிற் செய்த அதே காரியத்தைக் கணக்குக் கொப்பியிலுஞ் செய்யலாம் என்று அவனுக்கு ஒருவருஞ் சொல்லவில்லை. இரண்டு கொப்பிகளுக்கும் இரண்டு உறை, இரண்டு மணி, இரண்டு உலகம்!

தமிழ் எண்ணுப் பெயர்கள் இவ்வகையில் எமக்குக் கிடைத்த பெருஞ் செல்வம். இருபது, முப்பது, நாற்பது என்பன இரண்டு பத்து, மூன்று பத்து, நான்கு பத்து என்பவற்றின் புணர்ச்சியே. முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்பனவும் அவ்வாறே. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் இறுதி இயலாகிய குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப் பெயர்கள் புணரும் முறைக்கு நிறைய இடங் கொடுத்திருக்கின்றார். எங்கள் முன்னோரின் எண்குறிகளோ இன்னும் வெளிப்படையானவை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் இருந்தமையால், நாற்பத்தேழைப் பழைய ஏட்டில் ௪௰௭ என எழுதினர். நான்கு, பத்து, ஏழு எனக் கண் படித்தவாறே வாயும் படிக்கும். முந்நூற்றைந்து ௩௱௫ ஆகும். அதிற் பூச்சியத்துக்கு வேலையே இல்லை.

பழைய முறைக்கே திரும்புக என்று நாம் சொல்வதாய் எவருங் கருதவேண்டா. ௩௱௫ என்பதை ௨௰௪ என்பதன் மேல் வைத்து நிரல் நிரலாய்ப் பெருக்குவது எளிதன்று. இடத்தாலே பெறுமானம் உணர்த்தும் பத்துக் குறிகளும், வெற்றிடத்தைக் காக்கும் பூச்சியமும் சேர்ந்தே எழுத்துக் கணக்கை இத்துணை இலகுவாக்கின. ஆனால் அந்த இலகுவுக்கு ஒரு விலையுண்டு. ௪௰௭ என்பது தன் பொருளைத் தானே சொல்லும், 47 என்பது சொல்லாது, படிப்பவனே சொல்லிக்கொள்ளவேண்டும். 305-ஐ 24-ஆற் பெருக்கச் சொன்னால், நடுவிலிருக்கும் பூச்சியத்தை ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டு, முப்பத்தைந்தைப் பெருக்கி 840 என்று விடை கொண்டுவரும் பிள்ளைகளை எல்லா ஆசிரியருங் கண்டிருப்பர். "முந்நூற்றைந்து" என்று வாய்விட்டுச் சொல்லிப் பெருக்கும் பிள்ளைக்கு அந்த விபத்து நேராது. முந்நூறு இருபத்துநான்கு ஏழாயிரத்து இருநூறு, ஐந்து இருபத்துநான்கு நூற்றிருபது, ஆக 7320. எழுத்து மறைத்ததை ஒலி காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழிலும் ஒரு மேடு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. தொண்ணூறு என்னுஞ் சொல்லில் நூறு ஒலிக்கின்றது. பெறுமானமோ ஒன்பது பத்து. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கின்றது. பெறுமானமோ ஒன்பது நூறு. இவ்விரண்டிலும் சிறுவர் இடறுவது இயல்பு. தொண்ணூற்றெட்டை எண்ணாலே எழுதச் சொன்னால் 1008 என்றோ 908 என்றோ எழுதிய பிள்ளைகள் உளர். ஆதலின் ஒன்பதாம் பத்தையும் ஒன்பதாம் நூற்றையும் தனியே எடுத்து, பெயர் வேறு, பெறுமானம் வேறு என்று ஒரு வாரம் பயிற்றுதல் வேண்டும். இலக்கணத்திற் பிறழ்ச்சி என்று நாம் ஒரு வரியிற் கடந்து போவது, கணக்கில் அவர்களுக்கு ஒரு குழியாகின்றது.

இனிச் செய்யவேண்டியது யாதெனிற் கூறுவாம். ஓரிலக்க வாய்பாடு நன்றாய் மனனமான பின், இடங்களின் வாய்பாடு என்று ஒன்றைச் சொல்லிப் பழக்கலாம். பத்துப் பத்து நூறு. பத்து நூறு ஆயிரம். நூறு நூறு பதினாயிரம். இவ்வளவே. பின், நான்கு மூன்று பன்னிரண்டு, ஆகவே நாற்பது முப்பது பன்னிரண்டு நூறு, அஃதாவது ஆயிரத்து இருநூறு என்று, எழுதாமற் சொல்லிப் பழகவேண்டும். ஒரு மாதமாயினும் பென்சிலைத் தொடாமல் இப்படி வகுப்பு முழுவதும் ஒலிக்கட்டும். அடுத்த வகுப்பாசிரியர் சத்தம் என்று முறையிடுவார், பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்து, சதுரக் கோட்டுக் கொப்பியைத் திறப்பிக்கலாம். இருபத்துமூன்று கட்டம் நீளமும் பதினான்கு கட்டம் அகலமுங் கொண்ட ஒரு செவ்வகத்தைப் பிள்ளைகள் வரையட்டும். நீளத்தில் இருபது கடந்து ஒரு கோடு, அகலத்திற் பத்துக் கடந்து ஒரு கோடு. செவ்வகம் நான்கு துண்டாகின்றது. பெரிய துண்டில் 200 கட்டம், அதன் அருகே 30, அதன் கீழே 80, மூலையில் 12. கூட்டினால் 322. ஐயமுடைய பிள்ளை கட்டங்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணுபவன் இருந்தால் அவனைத் தடுக்கலாகாது. இந்தப் படம் மற்றொரு பிழையையும் ஒழித்துவிடும். பிரித்துப் பெருக்கக் கற்ற பிள்ளைகள் சிலர், இருபதைப் பத்தாலும் மூன்றை நான்காலும் பெருக்கிவிட்டு, 212 என்று நிறுத்திவிடுவர். "மற்ற இரண்டு துண்டும் எங்கே, மகன்?" என்று படத்தைக் காட்டினாற் போதும். பத்து விளக்கம் அங்கே தேவையில்லை.

இவ்வளவும் ஆன பின்பே நிரற் பெருக்கல். முதலில் நான்கு பெருக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாய் முழுமையாய் எழுதிக் கூட்டுதல். பழகியபின் நான்கை இரண்டு வரியாய்ச் சுருக்குதல். சுருக்கம் என்பது விரிவை அறிந்தவனுக்கே சுருக்கம். விரிவை அறியாதவனுக்கு அஃது ஒரு மந்திரம். முடிவில், விடை எவ்வளவிருக்கும் என்று முதலிலேயே மட்டிட்டு, ஓரத்தில் எழுதிவைக்கும் வழக்கத்தையும் விடக்கூடாது. 47 × 36 என்றால், ஐம்பது நாற்பது இரண்டாயிரம். ஆகவே இரண்டாயிரத்துக்குக் குறைவு, ஆயிரத்து இருநூறுக்கு மேல். ஓரத்தில் அவ்விரண்டு எண்ணும் இருந்தால் 423 தானே வெட்கித் தலைகுனியும்.

பிரித்துப் பெருக்குதல் மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்று நினைப்போர் உண்டு. பாஸ்கராசாரியர் 1150-இல் இயற்றிய லீலாவதியில் 135-ஐ 12-ஆற் பெருக்கும் கணக்கொன்று வருகின்றது. அதற்கு ஒரு வழியன்று, பல வழிகள் காட்டப்பட்டுள்ளன. பன்னிரண்டை எட்டும் நான்குமாய்ப் பிரித்தால் 1080-உம் 540-உம் வரும். மூன்றாற் பெருக்கி 405 கண்டு, அதனை மீண்டும் நான்காற் பெருக்கலாம். இடவாரியாய் ஒன்றாலும் இரண்டாலும் பெருக்கி உரிய இடங்களில் வைத்துக் கூட்டலாம். இருபதாற் பெருக்கி 2700 கண்டு, எட்டு மடங்காகிய 1080-ஐக் கழிக்கவுஞ் செய்யலாம். எவ்வழியும் 1620-இற் போய் முடியும். கோல்புறூக் 1817-இல் இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். எங்கள் பக்கத்துக் கணக்கர் எழுத்தே இல்லாமலுங் கணித்தனர். ஜோன் வாறன் என்பார், புதுச்சேரியிற் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைக் கண்டு, 1825-இல் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் நூலிற் பதிவு செய்திருக்கின்றார்.

பல வழியும் ஓரிடத்திற் சேரும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டத் திருகோணமலையிலேயே நல்ல கணக்கொன்று கிடக்கின்றது. துறைமுகத்துக்கு அப்பாற் சீனன்குடாப் பக்கத்திற் பிரித்தானியர் கட்டிவிட்டுச் சென்ற எண்ணெய்க் குதங்களை அறியாதார் இந்நகரில் இல்லை. அவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும் என்பர். மொத்தம் எவ்வளவு? நிரலிட்டுப் பெருக்கும் பிள்ளை ஒன்பதையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் வியர்க்கும். "நூறு குதம் என்று வைத்துக்கொள், ஒன்றைக் கழி" என்றால் மறுகணமே 12,00,000-இலிருந்து 12,000 போக 11,88,000 என்று சொல்லிவிடும். 2022 சனவரியிற் செய்த உடன்படிக்கைகளின்படி அக்குதங்களில் 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. பிள்ளைகளை மூன்று குழுவாக்கி, பங்கு பங்காய்ப் பெருக்கச் சொல்லலாம்: 1,68,000; 2,88,000; 7,32,000. மூன்றுங் கூடி அதே 11,88,000-இல் வந்து நிற்கும்போது வகுப்பில் ஓர் ஆரவாரம் எழும். அந்த உடன்படிக்கை நன்றோ தீதோ என்பது பெரியோர் பேசும் பேச்சு. அதனை இம்மலரில் நாம் தொடவில்லை.

இங்கிலாந்தில் 1999-ஆம் ஆண்டுத் திட்டத்தின் வழியாய்க் கட்டமிட்டுப் பிரித்துப் பெருக்கும் முறை பள்ளிகளிற் பரவியது. 2014-இல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம் மீண்டும் நிரற் பெருக்கலை வற்புறுத்தியது. ஊசற்குண்டு அங்குமிங்கும் ஆடியதைப் போன்றது அது. ஐக்கிய அமெரிக்காவில் 2010-இல் வகுக்கப்பட்ட பொதுநியமங்கள், நான்காம் வகுப்பில் இடப்பெறுமானத்தையுஞ் செவ்வகப் படத்தையுங் கொண்டு ஈரிலக்கப் பெருக்கலை விளக்கி, ஐந்தாம் வகுப்பில் நிரல் முறையில் வேகம் பெறுமாறு சொல்கின்றன. எமக்கு இந்த இரண்டாவது ஒழுங்கே உவப்பானது. ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பதன்று; ஒன்றன்மேல் மற்றதைக் கட்டுவது.

இனி, மறுப்பாளர் சொல்வதையுங் கேட்போம். வாய்பாட்டை மனனஞ் செய்யவேண்டா, விளங்கினாற் போதும் என்பர் ஒரு சாரார். அவரோடு எமக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணுகின்ற பிள்ளை, நான்கு துண்டையும் நினைவில் வைத்துக் கூட்டுவது எங்ஙனம்? திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியைப் பழித்தவர் பலர். அதன் கண்டிப்பைப் பழிக்கலாம், அந்த நாப்பழக்கத்தைப் பழிக்க இடமில்லை.

கைத்தொலைபேசியிலே கணக்கிடும் பொறி இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்பர் வேறு சிலர். பொறியில் 36-க்குப் பதில் 3.6 என்று விரல் தவறிப் பதிந்தால், வந்த விடை தவறென்று சொல்லப் பொறிக்கு வாயில்லை. மட்டிடத் தெரிந்தவனுக்கே பொறியும் பயன்படும்.

வலிமையான மறுப்பு ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையைக் காட்டுவோருடையது. நேரம் போதாது, குறுக்குவழி வேண்டும் என்பது அவர் வாதம். ரியூசன் வகுப்புகள் அக்குறுக்குவழியைத்தான் விற்கின்றன. பெற்றோரை நாம் குறை சொல்லத் துணியோம். 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பள்ளிப்படிப்பு இடையிலே அறுந்துபோன தாய்தந்தையர் இம்மாவட்டத்திற் பலர். பிள்ளையின் கொப்பியைத் திறந்து உதவ அவர்களால் இயலாது; காசு கொடுத்தாவது எவரிடமேனும் ஒப்படைத்துவிடவே நினைப்பர். ஆயினும் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். புலமைப்பரிசிற் பரீட்சை ஒரு நாள். அதற்குப் பின் ஆறாண்டில் க.பொ.த. சாதாரண தரம் வருகின்றது. அங்கே கணிதத்திற் சித்தியின்றி உயர்தர வகுப்புக்குட் புகுவது பெரும்பாலும் அரிது. மேல்வகுப்பிலே அட்சரகணிதம் படிக்கும்போது, அடைப்புக்குறிக்குள் இருப்பதை உறுப்புறுப்பாய்ப் பெருக்கு என்பர். அது வேறொன்றன்று, நாற்பதும் ஏழுமாய்ப் பிரித்துப் பெருக்கிய அதே காரியம், எண்ணுக்குப் பதில் எழுத்து நிற்கின்றது. பிரிக்கக் கற்ற பிள்ளைக்கு அது பழைய நண்பன். "ஓரிடந் தள்ளு" என்பதை மட்டுங் கற்ற பிள்ளைக்கு அங்கே தள்ளுவதற்கு இடமே இல்லை. கணக்கு எனக்கு வராது என்று பதினொரு வயதில் தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொள்ளும் பிள்ளையை, அதன்பின் மீட்டெடுப்பது எத்துணைக் கடினம் என்பதை மேல்வகுப்புக் கணித ஆசிரியரிடங் கேட்டறியலாம்.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் வெளிநாடுகளிலும் கொழும்பிலும் நல்ல நிலையில் இருக்கின்றனர். கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுவோரும் உளர். வெற்றிக் கிண்ணங்களும் கேடயங்களும் அலுமாரியில் நிறைய இருக்கின்றன. மூன்றாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு இரண்டு சதுரக் கோட்டுக் கொப்பியும், வகுப்பொன்றுக்குக் கட்டமிட்ட ஒரு பெரிய கரும்பலகையும் கிடைத்தால், மேலே சொன்னவற்றைச் செய்து பார்க்க விரும்பும் வகுப்பாசிரியர்க்கு வேறு பொருட்செலவு எதுவுமில்லை. லிங்கநகரிலும் அயலிலும் வசிக்கும் பழைய மாணவர் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் வந்திருந்து, பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கேட்டுத் திருத்துவாராயின் இன்னும் நன்று. அதற்குக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை. நாற்பத்தேழைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தாற் போதும். வர விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே நாளைக் கேட்டுக்கொள்வாராக. தவணைப் பரீட்சை நடக்கும் வாரங்களில் மட்டும் வேண்டா.